மாசி வரை ஒரு தாடி

ஜோகூர் பாரு
12 ஆகஸ்ட் 1934

அன்புள்ள அக்கா ராசம்மாவுக்கு,

உன் தம்பி செல்லப்பன் வணங்கி எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். நீயும் ஐயாசாமி மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பொறுப்பில் விட்டிருக்கும் ஆள் எப்படி? வாந்தி நின்றதா? கஞ்சியாவது இறங்குகிறதா? ஒன்றையும் விடாமல் எழுது.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. போன மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி நான்கு வெள்ளைக்கார அம்மாமார்கள் எங்கள் முதியவர் விடுதியைப் பார்க்க வந்தார்கள். கட்டில் கட்டிலாகப் போய்க் கிழவர்களுக்கு பிஸ்கட்டும் துண்டும் கொடுத்தார்கள். நான் வேலுத் தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஓர் அம்மா என் கையிலும் இரண்டு பிஸ்கட்டும் ஒரு துண்டும் வைத்து, தோளைத் தட்டி, இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று மலாயில் கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். உண்மைதானே. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பின்னால் நின்ற புது சூப்பிரண்டுக்கு முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. எனக்கு இருபத்தெட்டு வயது என்பது இந்தத் தாடியில் யாருக்குத் தெரிகிறது?

மறுவாரம் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி மனோகரன் எங்களை நிற்கவைத்துப் படித்துச் சொன்னார். வேலை பார்ப்பவர்கள் விடுதிக் கிழவர்களைப் போலத் தோன்றக் கூடாதாம். ஆண்கள் தினமும் முகம் மழிக்க வேண்டும். பெண்களுக்குப் பூ, வளையல், மூக்குத்தி எதுவும் கூடாது. கேட்காதவர்களுக்கு வேலை இல்லை.

சனிக்கிழமைதோறும் முப்பது கிழவர்களுக்குச் சவரம் செய்கிறவன் நான். கத்தி என் கையில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை பிறக்கும் வரை அது என் முகத்தில் படக் கூடாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்? போன தடவை நடந்தது உனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. என்ன செய்யட்டும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்லப்பன்


மெர்சிங் ரோட்டுத் தோட்டம்
25 ஆகஸ்ட் 1934

அன்புத் தம்பி செல்லப்பனுக்கு,

அக்கா ராசம்மாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'உன் பொறுப்பில் விட்டிருக்கும் ஆள்' என்று எழுதியிருக்கிறாய். கட்டின மனைவியின் பேரை எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? தனலெட்சுமி என்று எழுது. அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. ஊறுகாய்ச் சாடியைத்தான் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மாசியில் பிறக்கும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லியிருக்கிறார்.

தாடி விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? போன தடவை ஐந்தாம் மாதத்தில் இந்த வேலை கேட்டுப் போகிறேன் என்று நீ முகத்தை மழித்தாய். பத்தே நாளில் என்ன ஆயிற்று? நான் அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: அது உன் கத்தியால் போன உயிர். வேலை போனால் வேறு வேலை. யார் என்ன சட்டம் போட்டாலும் நீ முகத்தில் கத்தி வைக்காதே.

ஆசிகளுடன்,
ராசம்மா


ஜோகூர் பாரு
10 செப்டம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் மூவர் நலமும் கேட்டுச் சந்தோஷம். மாமா முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவட்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். மனோகரனைக் கூட்டிக்கொண்டு சூப்பிரண்டின் அறைக்குப் போனேன். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது எங்கள் ஜனங்கள் சவரம் செய்வதில்லை என்று மனோகரன் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். சூப்பிரண்டு நம்பவில்லை. "பிள்ளை சுமக்கிறது உன் பொண்டாட்டி, உனக்கு எதுக்குத் தாடின்னு கேக்கறாரு" என்றார் மனோகரன். வாசலில் காவல் நிற்கும் சீக்கிய ஜாகாவுக்கு நெஞ்சு வரை தாடி இருக்கிறதே என்று கேட்டேன். அவர் சாகும் வரை வைத்திருப்பார், அது மதம்; நீ சில மாதம் வைத்துவிட்டு எடுத்துவிடுவாய், அது வெறும் பழக்கம் என்றார் சூப்பிரண்டு. பிறகு மலாயில் என்னைப் பார்த்தே, "தா போலே" என்றார். முடியாது என்றால் முடியாதுதான்.

அக்கா, இதில் எது நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. சாகும் வரை வைக்கலாம் என்றால் ஆறு மாதம் வைப்பதில் என்ன குற்றம்? ஆனால் அந்த அம்மா என்னைக் கிழவன் என்று நினைத்ததும் உண்மை. சூப்பிரண்டுக்கு அது தலைக்குனிவு. அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது போலத்தான் படுகிறது.

பெண்கள் வார்டு ஆயா காளியம்மா பாடு இன்னும் மோசம். அவளுடைய மூக்குத்தி கல்யாணத்தன்று போட்டது, கழற்ற வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்ததில் மூக்கு வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். "ஒன் புருஷன் அடிச்சானாடி?" என்று கிழவிகள் தினமும் கேட்கிறார்கள். புருஷனோ தங்கமான மனிதன். அவன் இப்போது வெளியே தலைகாட்ட வெட்கப்படுகிறான்.

என்னை வார்டிலிருந்து எடுத்துப் பின்கட்டில் துணி வெளுக்கப் போட்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாதாம். சவரத்துக்கு வேறோர் ஆள். வேலுத் தாத்தாவுக்குக் கன்னத்தில் இரண்டு வெட்டு.

தனலெட்சுமியை விசாரித்ததாகச் சொல். பேர் எழுதிவிட்டேன், பார்த்தாயா?

செல்லப்பன்


மெர்சிங் ரோட்டுத் தோட்டம்
24 செப்டம்பர் 1934

தம்பிக்கு,

ஆசிகள். அனைவரும் சுகம். நீ பேர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். காளியம்மாவின் பிளாஸ்திரியை நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். முந்தாநாள் வயிற்றில் மீன் துள்ளின மாதிரி இருந்தது என்றாள். அதுதான் முதல் துள்ளல்.

துணி வெளுத்தால் கை தேயாது. பல்லைக் கடித்துக்கொண்டு மாசி வரை இரு.

ராசம்மா


ஜோகூர் பாரு
8 அக்டோபர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். மீன் துள்ளியதைப் படித்ததிலிருந்து துணி வெளுக்கும் கல்லில் நின்றுகொண்டு தனியாகச் சிரிக்கிறேன். காளியம்மா பார்த்துவிட்டு, "தம்பிக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்றாள்.

நல்ல சேதி இருக்கிறது. விடுதிக் கிழவர்கள் கூடிப் பேசி, செல்லப்பன்தான் சவரத்துக்கு வேண்டும் என்று ஒரு மனு எழுதச் சொல்லி, இருபத்தாறு பேர் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் தாடி வைத்தவர்கள்தானே. சூப்பிரண்டு மனுவைப் படித்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், இன்ன மாதத்தில் பிறக்கும் என்று தோட்டத்து டிரஸ்ஸர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று வந்தால், பிறக்கும் வரை தாடிக்கு அனுமதி கொடுத்து வார்டிலும் விடுவாராம்.

ஒரே ஒரு காகிதம் அக்கா. டிரஸ்ஸரிடம் வாங்கி உடனே அனுப்பு.

தம்பி,
செல்லப்பன்

மறந்துவிட்டேன்: வெள்ளை பிளானல் துணி மூன்று கஜம் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சட்டை தைக்க.


மெர்சிங் ரோட்டுத் தோட்டம்
2 நவம்பர் 1934

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை. மாமாவுக்கும் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது பரவாயில்லை. தனலெட்சுமி நன்றாக இருக்கிறாள். பிளானல் துணி வந்தது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

தம்பி, அக்கா சொல்கிறேன், தாடியை எடுத்துவிடு. மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? தீபாவளிக்கு முழுகும்போது எடுத்துவிட்டு நல்ல முகத்தோடு வேலைக்குப் போ. எனக்காகச் செய்.

ராசம்மா


ஜோகூர் பாரு
11 நவம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளி போயிற்று. தாடியோடுதான் முழுகினேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாளாக மண்டை குழம்புகிறது. கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் பேச்சு உன்னுடையது இல்லையே. வேலை போனால் வேறு வேலை என்று எழுதியவளும் நீதான். இப்போது மேலதிகாரியைப் பகைக்காதே என்கிறாய். இங்கிருந்து யாராவது உனக்கு எழுதிப் பயமுறுத்தினார்களா? மனோகரனைக் கேட்டேன்; அவர் சத்தியம் செய்கிறார். மாமா சொல்லித்தான் எழுதினாயா? பழைய சாஸ்திரமெல்லாம் எதற்கு என்று அவர் முன்பே சொல்வாரே.

என் வேலையை நினைத்துக் கவலைப்படுகிறாய் என்றுதான் வைத்துக்கொண்டேன். வேண்டாம் அக்கா. போன தடவை இந்த வேலைக்காகத்தான் முகத்தை மழித்தேன். இந்த விடுதிக்குள் நுழையும்போதெல்லாம், இதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று தோன்றாத நாளில்லை. இரண்டாவது தடவையும் அந்த விலையைக் கொடுக்க மாட்டேன்.

காகிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சூப்பிரண்டு இரண்டு தடவை கேட்டுவிட்டார். டிரஸ்ஸர் எழுத மாட்டேன் என்கிறாரா? பிள்ளை இப்போது நன்றாகத் துள்ளுகிறதா? அவள் தூங்குகிறாளா? கால் வீங்குகிறதா? எழுது.

செல்லப்பன்


மெர்சிங் ரோட்டுத் தோட்டம்
29 நவம்பர் 1934

தம்பிக்கு,

சுகம். ஆற்றில் வெள்ளம், தபால் லாரி ஒன்பது நாள் வரவில்லை. டிரஸ்ஸர் மெர்சிங்குக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று தெரியாது. மழை இல்லாத காலையில் தனலெட்சுமி ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறாள். சோறு தின்கிறாள். நீ கவலைப்படாதே.

தாடியை எடுத்துவிட்டாயா? எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

ராசம்மா


ஜோகூர் பாரு
8 டிசம்பர் 1934

அக்கா,

நான் நலம் விசாரித்து எழுதும் நிலையில் இல்லை. மன்னித்துக்கொள்.

ஏழு மாதக் கர்ப்பிணியை மரம் வெட்ட அனுப்புகிறாயா? பேர் கூப்பிடும் பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற சரிவில் போகிறாளா? மாமா கேட்கவில்லையா? கங்காணிக்குக் கண்ணில்லையா? நான் ஒரு முடியைக்கூடத் தொடாமல் இங்கே அடைகாத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நீ இப்படிச் செய்கிறாய். உனக்கு என்ன ஆகிவிட்டது? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

சூப்பிரண்டு இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார். காகிதம் வராவிட்டால் தாடியோ நானோ ஒன்றுதான் இங்கே இருக்கும். உன் பதில் இருபத்திரண்டுக்குள் வராவிட்டால், வெள்ளமோ மழையோ, நான் புறப்பட்டு வந்து டிரஸ்ஸரை நேரில் பார்க்கிறேன்.

செல்லப்பன்


மெர்சிங் ரோட்டுத் தோட்டம்
17 டிசம்பர் 1934

என் தம்பி செல்லப்பனுக்கு,

வராதே. ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடக்கிறது. நீ கேட்கும் காகிதத்தை டிரஸ்ஸர் எழுத முடியாது. எழுதினால் பொய்யாகிவிடும்.

அக்டோபர் பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காகிதம் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்த மறுநாள். அவள் விழவில்லை, பாரம் தூக்கவில்லை, பயப்படவில்லை. காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. டிரஸ்ஸர் கூடவே இருந்தார். சில வயிற்றில் இப்படி ஆகிறது, யார் மேலும் குற்றமில்லை என்றார். அவள் பிழைத்தது அவரால்தான். இப்போது உடம்பு தேறிவிட்டது. மரம் வெட்டப் போகாதே என்றுதான் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அவளே போகிறாள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன தடவை சேதி கேட்டு நீ பதினோரு நாள் சோறு தின்னவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது. அதைத்தான் இரண்டு மாதமாக எழுத முடியாமல் கிடந்தேன்.

போன தடவை உன் கத்தியால் போன உயிர் என்று சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. அவள்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை நீ ஒரு முடியைக்கூடத் தொடவில்லை. வேலையை இழக்கவும் துணிந்து நின்றாய். அப்படியும் போய்விட்டது. அப்படியானால் போன தடவையும் உன் கத்தியால் இல்லை. இரண்டு வருஷமாக உன் தலையில் ஒரு பொய்ப் பழியை ஏற்றி வைத்திருந்தேன். தாடியை எடு என்று எழுதியபோதாவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். நீயாக எடுத்துவிட்டால் சொல்லாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன். என்ன நினைத்தேனோ, இப்போது எனக்கே புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களை அவளுக்குப் படிக்கும்போது, பிள்ளையைப் பற்றி நீ கேட்ட இடங்களையெல்லாம் தாண்டிப் படித்தேன். உனக்குச் சேதி எழுதிவிட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். "அவங்க என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்று போன வாரம் கேட்டாள்.

உன் அக்காவை மன்னித்துவிடு.

ராசம்மா


ஜோகூர் பாரு
6 ஜனவரி 1935

அன்புள்ள தனலெட்சுமிக்கு,

உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? ஒவ்வொரு கடிதத்திலும் உன்னைக் கேட்டேன். கால் வீக்கம் வரை கேட்டேன். உன்னிடம் அது வந்து சேரவில்லை. பேரை எழுதாமல் அவள், ஆள் என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இது வேண்டியதுதான்.

அக்காவின் கடிதம் இருபத்தெட்டாம் தேதி கிடைத்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சோறு தின்றேன். தின்னாவிட்டால் அக்கா இன்னும் எதையாவது மறைப்பாள் என்று தின்றேன்.

எனக்கு மனம் தெளியவில்லை. அக்கா சொல்வது சரியானால் கத்தி எதையும் கொல்லவில்லை. அதே கணக்கில் தாடியும் எதையும் காப்பாற்றவில்லை. அப்படியானால் நான் யாரோடு எதற்காகச் சண்டை போட்டேன்? சூப்பிரண்டு சொன்னது சரியா? அவரும் சரியில்லை. அவர் முகத்தைப் பார்த்தார், காகிதத்தைக் கேட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பிள்ளையைத்தானே அதிகம் கேட்டேன். இதை யாரிடம் கேட்டுத் தெளிவது என்று தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி விடியற்காலையில், கிழவர்களின் கத்தியாலேயே மழித்தேன். சூப்பிரண்டு பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்று என் முதுகைத் தட்டினார். நன்றாக இருக்கிறதாம். இப்போதுதான் வேலைக்காரனைப் போல இருக்கிறேனாம். உடனே வார்டுக்குப் போகச் சொன்னார்.

போனேன். நான் யோசிக்காத ஒன்று அங்கே நடந்தது தனலெட்சுமி. என் முகத்தைப் பார்த்ததும் கிழவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "பொறந்திடுச்சுடா" என்றார் ஒருவர். வழக்கம் தெரிந்தவர்கள் அல்லவா? தாடி போனால் பிள்ளை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். வேலுத் தாத்தா கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாசின்னு சொன்னே, முந்திக்கிச்சே. தாயும் புள்ளையும் சொகந்தானே? என்ன புள்ள?" என்றார். காப்பிக்குக் கொடுக்கும் சர்க்கரையில் ஆளுக்குக் கொஞ்சமாக நாலு மாதமாய் மிச்சம் பிடித்து ஒரு டின்னில் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை என் கையில் கொட்டினார்கள்.

நிஜத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொம்பளைப் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். பேர் என்ன என்றார்கள். உன் பேர்தான் வாயில் வந்தது. "பொண்டாட்டி பேரையே வச்சிட்டான் பாரு" என்று சிரித்தார்கள். சர்க்கரையை அவர்கள் முன்னாலேயே தின்றேன். அன்று முழுக்க வார்டில் உன் பேராகவே இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். காளியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைக்கும். நீ வெறுங்கையோடு வந்தால் அவர்கள் கேட்பார்கள். அதனால் நீ வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சனிக்கிழமையே சொல்ல நினைத்து, முடியாமல் போய்விட்டது. வரும் சனிக்கிழமை சவரத்தின்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வேன். முகத்தில் கத்தி இருக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். முப்பது தடவை சொன்னால் எனக்கும் சொல்லப் பழகிவிடும்.

இன்னொரு தடவை நமக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நான் தாடி வைக்கட்டுமா வேண்டாமா? இதை நோட்டீஸிலும் சாஸ்திரத்திலும் பார்க்கப் போவதில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

பிளானல் துணி பெட்டியில் இருக்கிறதாம். அதைக் கொண்டுவருவதும் விடுவதும் உன் இஷ்டம். மழையில் நனையாதே. மரத்துக்குப் போனால் சரிவில் பார்த்து நட.

உன் கணவன்,
செல்லப்பன்

அக்கா, உன் மேல் கோபமில்லை. இந்தக் கடிதத்தைத் தனலெட்சுமிக்கு முழுக்கப் படித்துச் சொல். எந்த இடத்தையும் தாண்டாதே.